விரல் விரலாக

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று என் மகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் பிறந்ததே அப்படித்தான். படியில் இறங்குமுன் கால் நுனியால் அதைத் தொட்டுப் பார்ப்பாள். பால் டம்ளர் கன்னத்தில் பட்டு, சூடு சரிதான் என்று தெரிந்த பிறகே உதட்டுக்குப் போகும். ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிற அவள் அப்பா அவளுக்கு வைத்த பெயர் மில்லி. "ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒத்துக்க மாட்டா, என்னை மாதிரி" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

அந்த மில்லி ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "நான் கையால நிக்கணும்" என்றாள்.

விளையாட்டு வகுப்பில் ஒரு பெண் சுவரோரம் தலைகீழாக நின்றாளாம். இவள் முறை வந்தபோது இவள் ஒதுங்கிக்கொண்டாளாம். "அங்க எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு கத்துறாங்க. வீட்ல கத்துக்கலாமா?"

அவள் தானாக எதையும் கேட்பது அபூர்வம். அன்று மாலையே அவர் மேசையை ஓரம் தள்ளி, பழைய மெல்லிய மெத்தையைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்.

முதலில் கரடி நடை. கையும் காலும் ஊன்றிக் கூடத்தைச் சுற்றி வர வேண்டும். அவரும் கூடவே வந்தார்.

"கரடிக்கு இவ்வளவு தொப்பையா?" என்றேன்.

"பனிக்காலத்துக்குச் சேத்து வெச்சிருக்கேன்."

பிறகு குட்டிக்கரணம். தாடை நெஞ்சைத் தொட வேண்டும், முதுகு வளைய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் முதலில் ஒரு தலையணையை உருட்டிவிட்டாள். அதைத் தூக்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான் தான் உருண்டாள்.

கடைசியில் சுவர். சுவருக்கு முதுகைக் காட்டிக் கைகளை ஊன்றி, பாதங்களால் அதன் மேல் மெல்ல மெல்ல ஏற வேண்டும். முழங்கை மடங்கினால் தாங்கிக்கொள்ள, அவர் இரண்டு கணுக்கால்களையும் பிடித்திருப்பார். ஒவ்வொரு மாலையும் அவள் கால்கள் கொஞ்சம் கூடுதலாக ஏறின. ஒரு மாலை முழுசாக நிமிர்ந்தன.

"பிடிச்சிருக்கீங்களாப்பா?"

"பிடிச்சிருக்கேன்மா."

அவர் பிடித்திருக்கவில்லை. கைகளை எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தபடி பின்னால் நகர்ந்திருந்தார். குரல் தள்ளி வந்ததை அவள் கவனித்துவிட்டாள். அப்போதும் பதறவில்லை. பாதங்களை ஒவ்வொன்றாக இறக்கி, எழுந்து, திரும்பினாள்.

அவர் கைதட்டினார். "பாத்தியா! நீயேதான் நின்னே! நான் எப்பவோ விட்டுட்டேன்!"

"பிடிச்சிருக்கேன்னு சொன்னீங்க."

"அது... நீ பயப்படக் கூடாதுன்னு சும்மா."

"நான் பயப்படலை. கேட்டேன்."

மெத்தையை அவளே சுருட்டி மூலையில் சாய்த்தாள்.

கோபம் என்று ஒன்றும் இல்லை. சாப்பிட்டாள், பேசினாள், சிரித்தாள். ஆனால் மெத்தையை விரிக்கவில்லை. மறுநாள் சாலையைக் கடக்க அவர் கை நீட்டியபோது, பிடிக்குமுன் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தாள். இறங்கப்போகும் படியைப் பார்ப்பதுபோல. அதுவரை வீட்டில் அவள் சோதிக்காமல் தொட்டது அந்தக் கை ஒன்றைத்தான். அவரும் அந்தப் பார்வையைப் பார்த்தார்.

"எங்க அண்ணன் எனக்கு சைக்கிள் கத்துக்கொடுத்தப்ப இப்படித்தான் சொல்லாம விட்டான். நான் ஓட்டலையா?" என்றார் என்னிடம்.

"பெரிய கண்ணாடியை ரெண்டு பேர் தூக்குறீங்க. எதிர்ல இருக்கறவர்கிட்ட சொல்லாம கையை எடுப்பீங்களா?"

"அது கண்ணாடிடி."

"ஓ. அப்ப சரி."

அவர் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

விடுமுறை நாள் காலையில் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "நான் பொய் சொன்னேன் மில்லி. தப்பு. இனிமே விடறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்."

அவள் நெடுநேரம் யோசித்தாள். வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று தோற்று, மறுபடி முயன்றார்கள்.

"நீங்க சொல்ல வேணாம்பா. நான் சொல்றேன். நான் சொல்றப்ப எடுங்க."

மெத்தை விரிந்தது. அவள் ஏறினாள். அவர் கணுக்கால்களைப் பிடித்தார்.

"சுண்டு விரலை எடுங்க."

எடுத்தார்.

"ரெண்டு கையிலயும்."

"ரெண்டு கையிலயும் எடுத்துட்டேன்மா."

மூச்சு விட்டாள். "அடுத்தது."

வருஷக்கணக்காகக் கண்ணாடி விளிம்புகள் கீறிய தடித்த விரல்கள் அவை. ஒன்றொன்றாக விலகின. ஒரு விரல் போகும்போது அவள் கைகளில் ஒரு நடுக்கம் வரும். அது அடங்கும்வரை காத்திருப்பாள். பிறகே அடுத்தது. இவளைக் கோழை என்று நான்கூட மனசுக்குள் நினைத்ததுண்டு. இத்தனை நிதானமாக ஆதரவைக் கழற்றிப்போடுகிற தைரியம் பெரியவர்கள் யாரிடமும் நான் கண்டதில்லை. அவர் உள்ளங்கைகள் அவள் காலைத் தொடாமல், காற்றைப் பிடித்ததுபோல நின்றன.

"தள்ளிப் போங்க."

தள்ளிப்போனார்.

"இன்னும்." கொஞ்சம் பொறுத்து, "வெளிய போங்க. அம்மாவும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியே வந்ததும் அவர் கதவைச் சாத்தினார். கைப்பிடியில் கை இருந்தது, திருப்பவில்லை.

"விழுந்துட்டா?" என்று உதட்டசைவில் கேட்டார்.

உள்ளே சத்தமே இல்லை. எங்கள் வீட்டுக்குள், ஒரு கதவுக்கு அப்பால், யாருடைய துணையும் இல்லாமல் எங்கள் குழந்தை தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குள் நுழைந்ததுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார். கைப்பிடியிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

பாதங்கள் ஒவ்வொன்றாக மெத்தையில் இறங்குவது கேட்டது. கதவு திறக்கும் என்று நின்றோம். திறக்கவில்லை.

மறுபடியும் உள்ளங்கைகள் தரையில் பதிந்தன. சுவரில் ஒரு கால் ஏறியது. பிறகு இன்னொன்று.