ஊதுபத்தியும் பூஜ்யமும்

இயந்திரம் பொய் சொல்லாது என்று நம்புகிறவர்கள் அதோடு ஒரு வாரம் குடித்தனம் நடத்திப் பார்க்க வேண்டும். ஸ்ரீயாசி ஆறு வருடமாக நடத்துகிறாள். வட பாலியின் கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில் வாயு அளக்கும் இயந்திரத்துக்கு அவள்தான் பொறுப்பு. அதன் இருமலும் சளியும் அவளுக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாகாண அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. இரண்டு மாதமாகக் காலை பத்து மணிக்கு முன்னால் வந்த வண்டி ஒன்றுகூடத் தோற்கவில்லை. பத்துக்கு மேல் ஐந்துக்கு ஒன்று தோற்கிறது. ஏன்?

காலை வண்டிகளைச் சோதிப்பவன் மெர்தாயாசா. அவன் கவர் வாங்குகிறான் என்று பேச்சுக் கிளம்ப அதுவே போதுமாயிருந்தது. முதலாளியை எல்லோரும் 'பாக்', அதாவது ஐயா, என்பார்கள். பாக் சுதர்சனா ஸ்ரீயாசியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மெஷின் சரியா இருக்கா?" அவள் மாதச் சோதனைத் தாளைக் காட்டி, "தங்கம் மாதிரி இருக்கு பாக்," என்றாள். மெஷின் சரி என்றால் ஆள் சரியில்லை. மெர்தாயாசாவுக்கு இன்றோடு சீட்டுக் கிழியப் போகிறது. தணிக்கை செய்யும் அம்மாள் பதினொரு மணிக்கு வருகிறாள்.

ஸ்ரீயாசிக்கு மனசு கேட்கவில்லை. மாதச் சோதனையை அவள் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் செய்வாள். காலையில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. இன்று சீக்கிரமே வந்து, வழக்கம்போல் சாமிக்குப் பூத்தட்டு வைத்து, ஊதுபத்தி ஏற்றி, இயந்திரத்தைப் போட்டாள். அது சூடானதும் சரிபார்க்கும் சிலிண்டரைத் திறந்தாள். எரியாத பெட்ரோல் ஆவி முந்நூறு காட்ட வேண்டும். இருநூற்று முப்பத்தெட்டு காட்டியது.



குழாயில் ஓட்டையோ என்று நுனியை விரலால் அடைத்துப் பார்த்தாள், காற்றுப் புகவில்லை. தண்ணீர் தேங்கும் கிண்ணத்தை வடித்தாள். சிலிண்டரின் தேதியைப் பார்த்தாள். எல்லாம் சரி. முக்கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் எரிச்சலோடு பூஜ்யத்தை மறுபடி அமைக்கும் பொத்தானை அழுத்தினாள். இப்போது சொல்லி வைத்தாற்போல் முந்நூறு.

அப்படியானால் கோளாறு பூஜ்யத்தில். காலையில் போட்டதும் இயந்திரம் சுற்றியுள்ள காற்றை இழுத்து, 'இதுதான் சுத்தம்' என்று எடுத்துக்கொள்கிறது. பத்து மணிக்குத் தானாகவே இன்னொரு தடவை இழுக்கிறது. எங்கிருந்து இழுக்கிறது? அவள் பின்பக்கம் போய்க் குனிந்தாள்.

காற்று இழுக்கும் துளைக்கு ஒரு சாண் கீழே அவளுடைய பூத்தட்டு. தென்னங்குருத்து, செவ்வந்தி, எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சி. முன்பெல்லாம் இயந்திரத்தின் தலையில்தான் வைப்பாள். பூவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதென்று முதலாளி கத்தியதால் இரண்டு மாதத்துக்கு முன் இங்கே ஒரு பலகை அடித்தாள். துளையில் புகையை வடிகட்ட வேண்டிய கரி டப்பாவைக் கழற்றி முகர்ந்தாள். கோயில் வாசனை அடித்தது. போன வருடமே மாற்றியிருக்க வேண்டியது. மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டிருந்ததும் அவள்தான்.

ஊதுபத்திப் புகையைச் சுத்தக் காற்றென்று நம்பிய இயந்திரம், அந்த அளவை ஒவ்வொரு வண்டிக்கும் கழித்துவிட்டிருக்கிறது. பத்து மணிக்குள் ஊதுபத்தி எரிந்து தீர்ந்துவிடுவதால் அதற்குப் பிறகு கணக்குச் சரி.

பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புது டப்பாவை மாட்டினால் யாருக்கும் தெரியாது. அவள் பிழைத்துவிடுவாள். அந்த யோசனை வந்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

மெர்தாயாசா தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தான். அண்ணன் என்ற முறையில் அவனை அவள் 'ப்ளி' என்றுதான் கூப்பிடுவாள்.

"ப்ளி, கொஞ்சம் இருங்க. போயிடாதீங்க."

"ஏன், என் பைக்குள்ள கவர் ஏதும் இருக்கான்னு பாக்கணுமா? நல்லா பாரு. உள்ள ஒரு கிழிஞ்ச துண்டு இருக்கு."

 தணிக்கை அம்மாள் இபு ஹெர்லினா வந்ததும், ஸ்ரீயாசி எல்லோர் முன்னாலும் பழைய டப்பாவைத் திரும்ப மாட்டினாள். இயந்திரத்தை அணைத்தாள். புது ஊதுபத்தி ஏற்றி அதே பலகையில் வைத்து, மறுபடி போட்டு, சூடானதும் சிலிண்டரைத் திறந்தாள். இருநூற்று நாற்பத்தொன்று.

"சாமிமேல பழியப் போடாத ஸ்ரீ!" என்று முதலாளி பதறினார்.

"சாமி என்ன பண்ணும் பாக்? பலகைய அங்க அடிச்சது நான். டப்பாவ மாத்தாமலே மாத்தினேன்னு எழுதினதும் நான். ப்ளி யார்கிட்டயும் எதுவும் வாங்கல."

இபு ஹெர்லினா நெடுநேரம் எழுதினாள். காலையில் வென்ற வண்டிகளெல்லாம் திரும்ப வர வேண்டும். ஸ்ரீயாசியின் சான்றிதழ் ஆறு மாதத்துக்கு நிறுத்தம். அதுவரை அவள் வாசலில் சீட்டுக் கொடுக்கலாம். கேட்டபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மெர்தாயாசா நன்றி சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வண்டியில ஏறு," என்றான். "இங்க சொன்னத என் வீட்டுல வந்து சொல்லு."

அவன் வீட்டில், மனைவி கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து வந்தாள். ஸ்ரீயாசி ஆதியோடந்தமாக, தன் தப்பில் ஒன்றையும் விடாமல், சொல்லி முடித்தாள். அந்தப் பெண் அவளைத் திட்டவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல, வாங்கலைன்னு?"

"சொன்னேன்," என்றான் மெர்தாயாசா. "ரெண்டு தடவ."

 பையை இறக்கி வைத்துவிட்டுக் கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனான்.