இருபதடி பின்னால்

எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில் இருப்பவர் ஒன்று நோயாளி, இல்லை யாரோடாவது கோபித்துக்கொண்டவர். மற்ற எல்லோரும் பெரிய தெருவில் நடப்பார்கள். மேலே பள்ளிவாசல் வரை, கீழே பாலம் வரை, மறுபடி மேலே. அல்பேனியாவில் இதற்கு ஜிரோ என்று பெயர். நடப்பதற்குக் காரணம் ஒன்றும் கிடையாது.

அந்தத் தெருவில் நகராட்சி பதினாறு கேமராக்களைப் பொருத்தியது. கூட்டத்தில் சந்தேகமாக நடப்பவரைக் கணினியே கண்டுபிடிக்குமாம். திரையைப் பார்ப்பது என் வேலை. முதல் நாள் ஆறேகாலுக்குத் திரை முழுக்கச் சிவந்தது. 'நோக்கமின்றித் திரிவோர்: 612.' அதில் என் கணவரும் இருந்தார்.

போலீஸ்காரர் ஸ்கேந்தர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்னம்மா லிரிகா, ஊரையே பிடிச்சு உள்ள போடணுமா? ஜீப்புல நாலு பேருதான் உக்கார முடியும்!"

தலைநகரிலிருந்து பொறியாளர் வந்து எதையோ மாற்றினார். அதன் பிறகு தினமும் ஒரே ஒரு எச்சரிக்கைதான் வந்தது: 'பின்தொடர்தல்.'

முன்னால் போன பெண்மணி பல் மருத்துவர் வால்போனா. இருபதடி பின்னால் மருந்துக்கடை பெத்ரித். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. இருவரும் துணையை இழந்தவர்கள். வால்போனா ஒரு கடை ஜன்னலைப் பார்த்து நின்றால், பெத்ரித் பூட்டிய வங்கியின் கதவை உற்றுப் பார்ப்பார்.

மூன்று எச்சரிக்கை வந்தால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஸ்கேந்தர் இருவரையும் என் அறைக்கே அழைத்து வந்தார். பெத்ரித்தின் முகம் அவர் விற்கும் மாத்திரை போல வெளுத்திருந்தது.

"டாக்டரம்மா, இவர் மேல புகார் ஏதும் இருக்கா?"

"இருக்கு. எழுதிக்கோங்க."

ஸ்கேந்தர் பேனாவை எடுத்தார்.

"நாலு வருஷமா பின்னாலயே வர்றாரு. நான் மெதுவா நடந்தா இவரும் மெதுவா நடக்குறாரு. போன குளிர்காலத்துல வேணும்னே கையுறையைக் கீழ போட்டேன். எடுத்து, பக்கத்துக் கடைக்காரன் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு!"

ஸ்கேந்தர் பேனாவைக் கீழே வைத்தார். "யோவ் பெத்ரித், நீயெல்லாம் ஒரு ஆளாய்யா?"

"உங்களோடதுன்னு தெரியும்," என்றார் பெத்ரித், வால்போனாவைப் பார்க்காமல். "கையில எடுத்ததும் சொல்ல வந்தது மறந்துபோச்சு."

"இப்ப ஞாபகம் வந்துச்சா?" என்றார் வால்போனா.

"'குளிருதா'ன்னு கேக்கணும்னு இருந்தேன்."

அப்போது ஜூலை மாதம். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஆமா, குளிருது," என்றார் வால்போனா.

மறுநாள் மாலை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பள்ளிவாசல் வரை பெத்ரித் வாயே திறக்கவில்லை. இறங்கும்போது பேச ஆரம்பித்தவர், இருமல் மருந்தில் எத்தனை வகை உண்டென விளக்குவதைப் பாலம் வரும்வரை நிறுத்தவில்லை என்று வால்போனாவே பிறகு என்னிடம் சொன்னார்.

செப்டம்பரில் பதிவுத் திருமணம். சம்மதமா என்று அதிகாரி கேட்டார். பெத்ரித் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"அவருக்குச் சம்மதம்தான், எழுதுங்க," என்றார் வால்போனா.