எச்சில் தட்டு

இப்போது வேலை பார்க்கும் ஆபீஸிலும் தட்டு கழுவும் மெஷின் இருக்கிறது. யாராவது அதன் மூடியை இறக்கும் சத்தம் கேட்டால் போதும், பொம்மசந்திராவின் சோப்பு நீராவியும் சாம்பாரும் கலந்த வாசனை எனக்கு வந்துவிடும்.

அங்கே ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சுகாதார மேற்பார்வைதான் என் முதல் வேலை. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். நாலு பேர் முன்னால் பேச வராது. மதியம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவேன்.

தட்டு கழுவும் இடத்தில் அத்திபெலேயிலிருந்து வரும் ருக்மிணி அக்காவும் ஆஸ்டின் டவுனிலிருந்து வரும் மௌரீன் ஆன்ட்டியும் இருந்தார்கள். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு தட்டையும் சோப்பு போட்டுக் கழுவி, பிறகுதான் மெஷினில் வைப்பார்கள். முட்டை சாப்பிட்ட தட்டு தனி, சைவத் தட்டு தனி. அதனால் எப்போதும் பாதி ட்ரேதான் ஓடும்.

அந்தக் கோடையில் தண்ணீர் டேங்கர் நினைத்தால்தான் வந்தது. மேனேஜர் சந்தானம் சார் வந்து நின்றார்.

"திங்கக்கிழமைக்குள்ள தண்ணியும் கரன்டும் குறையலேன்னா, மெஷின நிறுத்திட்டுப் பாக்கு மட்டைத் தட்டுதான். அப்புறம் இங்க ஆள் வேணாம்."

மறுநாள் நான் அவர்களிடம் போனேன்.

"அக்கா, மிச்சத்தை வழிச்சுப் போட்டாப் போதும். முன்னாடி கழுவ வேணாம். ட்ரே நிறைஞ்சதும் ஓட்டுங்க. பாதி வச்சாலும் அதே தண்ணிதான், அதே ஹீட்டர்தான்."

ருக்மிணி அக்கா முகம் சுளித்தார். "எச்சிலை அப்படியே விடறதா? அடியில நிக்கிற தண்ணியத்தானே அது திரும்பத் திரும்ப அடிக்குது?"

"கடைசியில கொதிக்கக் கொதிக்க நல்ல தண்ணி அடிக்குதுக்கா. எதுவும் நிக்காது."

"சொல்லிடுவே பாப்பா," என்றார் மௌரீன் ஆன்ட்டி. "நாங்க ரெண்டு தடவ கழுவற தட்டுலயே நீ சாப்பிடறதில்ல. டப்பாவத் தூக்கிட்டு ஓடறே."

சுருக்கென்றது. கூச்சத்தில்தான் ஓடுகிறேன் என்று சொல்லவும் கூச்சம்.

முட்டைக் குழம்பு ஒட்டிய தட்டு ஒன்று மேசையில் கிடந்தது, விளிம்பு நசுங்கியது. எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். வழித்துப் போட்டு, சைவத் தட்டுகளுக்கு நடுவில் செருகினேன். ட்ரே நிறைந்தபின் மூடியை இறக்கினேன். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூடி ஏறியதும் ஆவி முகத்தில் அடித்தது. அதே தட்டை எடுத்தேன். சுட்டது. சோறும் சாம்பாரும் வாங்கிவந்து அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

"ஸ்வல்ப... கொஞ்சம் மெதுவாடி," என்றார் மௌரீன் ஆன்ட்டி. "தட்டையும் முழுங்கிடப் போறே."

ருக்மிணி அக்கா போய்க் குழாயை மூடினார்.

திங்கட்கிழமை சந்தானம் சார் மாடியேறித் தொட்டியைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பாக்கு மட்டைத் தட்டைப் பற்றிப் பேசாமலே போய்விட்டார்.

அதன்பின் நான் டப்பா கொண்டுபோகவில்லை. அங்கிருந்து கிளம்பும்வரை மதியம் அவர்களோடுதான் சாப்பாடு. நசுங்கின தட்டை ருக்மிணி அக்கா தேடி எடுத்து எனக்கு வைப்பார்.

இந்த ஆபீஸில் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி வட்டமாக இருக்கிறது.