பன்னிரண்டாவது உருப்படி

கறவை மெஷினின் கிண்ணங்களைக் கையில் வைத்துக்கொண்டு மேனேஜர் செவலை மாட்டின் மடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மடி குடம் மாதிரிப் பருத்திருந்தது. கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு ஓடவில்லை.

"நேத்து நல்லாத்தானே கறந்துச்சு?" என்றார்.

கயிற்றைப் பிடித்திருந்த வாட்ச்மேன், "நேத்து பெரியவரு இருந்தாரு சார்," என்றார்.

அன்று பிரார்த்தனை நாள். வாரத்தில் அந்த ஒரு நாள் பெரியவர் வேலைக்கு வர மாட்டார். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் வெயில் மேல் பழியைப் போட்டுவிடலாம். வாராவாரம், சொல்லி வைத்தாற்போல் அதே நாளில், பெரியவரிடம் வாங்கிய பதினொரு மாடும் பாலை அடக்கிக்கொண்டால் என்ன செய்வது? பக்கத்து வரிசையில் பண்ணையின் பழைய மாடுகள் மெஷினுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன. மேனேஜருக்கு மண்டை குடைந்தது.

மழை ஏமாற்றிய இரண்டு வருடத்தில் பெரியவரின் கிணறு வற்றி, நிலம் வெடித்து, தீவனத்துக்கு அலைந்து கால் தேய்ந்துதான் மாடுகளை மொத்தமாக இந்தப் பண்ணைக்கு விற்றார். விற்கும்போது இரண்டு கண்டிஷன் பேசிக்கொண்டார். என் மாடுகளை நானே கறப்பேன், சம்பளத்துக்கு. பிரார்த்தனை நாளில் எனக்கு லீவு. முதலாளி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வீட்டில் வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்:

"அப்போ வித்தது பதினொண்ணா, பன்னெண்டா?"

அந்த ஒரு நாளில்தான் பெரியவர் வெளுத்த சட்டை போடுவார். மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு பிரார்த்தனைக் கூடத்துக்கு நடப்பார். கட்டிக்கொடுத்த பெரிய மகள் குழந்தையோடு நேரே அங்கே வந்துவிடுவாள். பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பாடு. மற்ற ஆறு நாளும் முதுகு ஒடியக் குனிந்து நிமிர்வதே அதற்காகத்தான்.

மறுநாள் மேனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, மாட்டுக்கு என்ன சொக்குப்பொடி போட்டு வச்சிருக்கீங்க?"

"அப்படி ஒண்ணு இருந்தா மொதல்ல வீட்ல போட்டிருக்க மாட்டேனா சார்?"

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "விளையாட்டு இல்ல. இந்த மாசத்துக்குள்ள காரணம் தெரிஞ்சாகணும். இல்லன்னா லீவு கெடயாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. மாட்டேன்னா வேற ஆளப் பாப்பாராம்."

வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாளை விட்டால் தான் மனுஷனாகவே இல்லை என்று பெரியவருக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து தேடினார்கள். மேனேஜர் கெட்ட ஆள் இல்லை. எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாத ஆள், அவ்வளவுதான். தீவனத்தை மாற்றினார், தண்ணீரை மாற்றினார். பெரியவரின் அழுக்குச் சட்டையைத் தொழுவத்தில் தொங்கவிட்டார். செவலை அதில் பாதியைத் தின்றது. பெரியவரின் துண்டைத் தானே தலையில் கட்டிக்கொண்டு மடியில் கை வைத்தார். விழுந்த உதையில் இரண்டு நாள் நொண்டினார்.

இந்தக் கதையெல்லாம் கேட்டுக் கேட்டு, அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்க மனைவியே ஒருநாள் விடிகாலையில் கிளம்பி வந்தாள். பெரியவர் மடி கழுவுவதை மாட்டை ஒட்டிப் போய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தள்ளி நின்றால் மெஷின் இரைச்சலில் கேட்காத ஒரு முனகல் காதில் விழுந்தது.

"ஏங்க, தெனமும் இப்படித்தான் பாடுவீங்களா?"

"யாரு, நானா?"

"பின்ன, மாடா பாடுது? கூடத்துல பாடுற பாட்ட எடுத்து, நம்ம பிள்ளைங்களக் காப்பாத்து, சம்சாரத்துக்கு மூட்டுவலியத் தீத்து வையின்னு நடுவுல சொந்தச் சரக்கா சேத்து விட்டுக்கிட்டு இருக்கீங்க. கண்ணுக்குட்டியா இருந்தப்பலேருந்து அதுங்க காதுல இதத்தானே ஊத்துறீங்க?"

பெரியவர் வாயைப் பிளந்தார். சத்தியமாக அவருக்கே தெரியாது. உதட்டை இறுக மூடிக்கொண்டு மெஷினை மாட்டினார், குழாய் காலி. மெல்ல முனகினார். வெள்ளையாக ஒரு கோடு குழாயில் ஓடிப் பாய்ந்தது.

புதையல் கிடைத்தவர் போல ஓடிப்போய் மேனேஜரை இழுத்து வந்தார். மேனேஜர் மாறிமாறிப் பாடச் சொல்லியும் நிறுத்தச் சொல்லியும் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரிக் கை தட்டினார்.

"இவ்வளவுதானா? போன்ல பதிஞ்சு வச்சிக்கிறேன். லீவு நாள்ல ஸ்பீக்கர்ல போட்டு விட்டுடலாம். நீங்க குடும்பத்தோட நிம்மதியாப் போயிட்டு வாங்க."

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் கழுவி, மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு போன் முன்னால் நின்றார். ஒரு தடவை போதும் என்று மேனேஜர் சொல்லியும் கேட்கவில்லை. நடுவில் இருமல் வந்துவிட்டது என்று முதலிலிருந்து மறுபடி பாடினார்.

அந்தப் பிரார்த்தனை நாளில் அவருக்குக் கூடத்தில் மனம் ஒட்டவில்லை. பால் இறங்கியதா இல்லையா என்றே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் முதல் வேலையாக மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சொட்டு குறையல பெரியவரே."

சாப்பிடும்போது அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செவலை மாதிரித் தலையை ஆட்டிக் காட்டினார். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மகள்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் விடியுமுன் பண்ணைக்குப் போனார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

"பெரியவரே... இனிமே நீங்க வர வேணாம்னு சொல்லிட்டாங்க. மாட்டுக்குப் பாட்டு போதுமாம். மடி கழுவ இங்க இருக்கிற ஆளுங்களே போதுமாம்."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"அவரும் பேசித்தான் பாத்தாரு. மொதலாளி காதுல போட்டுக்கல."

"எனக்கு வாக்குக் குடுத்தாரேப்பா."

வாட்ச்மேன் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

தொழுவத்தில் விளக்கு எரிந்தது. ஸ்பீக்கர் கரகரத்தது, அவர் குரல் கேட்டது. வீட்டில் சத்தமாகப் பேசினாலே வெட்கப்படுகிற மனிதரின் குரல் பண்ணை முழுக்கக் கேட்டது. பெரிய மகள், சின்ன மகள், பேரக் குழந்தை, மனைவியின் மூட்டு என்று ஒவ்வொன்றாக ஆண்டவனிடம் ஒப்படைத்துக்கொண்டே வந்தது. கேட்டுக்கு வெளியே பெரியவரின் உதடும் பழக்கத்தில் கூடவே அசைந்தது. கடைசியில், அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவர் புதிதாகச் சேர்த்துப் பாடிய வரி வந்தது.

"வேல குடுத்த மகராசன் வீட்டுக்கும் ஒரு கொறையும் வைக்காத, ஆண்டவனே."

அவர் உதடு நின்றுவிட்டது. உள்ளே பதினொரு மடியிலிருந்தும் குழாய்களில் பால் இரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.