பூட்டு இல்லாத கொட்டகை

எங்கள் சிற்றூர் வில்கர்ராவில் தீயணைக்க ஒரே ஒரு பம்புதான் இருந்தது. பெர்ட் நடத்தும் மதுக்கடையின் கொட்டகையில் அது பூட்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது என்பது சட்டம். பெர்ட் சாவியோடு மீன்பிடிக்கப் போய்விடுவார்.

என் வீடு எரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளி வேலையாக நான் வெளியூரில் இருந்தேன். ஊர்க்காரர்கள் கொட்டகைப் பூட்டைக் கோடரியால் உடைத்துப் பம்பை இழுத்து வருவதற்குள் என் மனைவி டல்சி இறந்துவிட்டாள்.

அடுத்த மாதம் தீயணைப்புக் குழு தொடங்க எல்லோரும் ஊர் மன்றத்தில் கூடினோம். என்னைத் தலைவராக்கப் பார்த்தார்கள். வேண்டாம், பம்புக்குக் கட்டப்போகும் புதுக் கொட்டகைக்குப் பூட்டு போடாமல் இருந்தால் போதும் என்றேன்.

"பூட்டு இல்லன்னா இந்தக் கிளாரி ஆட்டுக்கு மருந்தடிக்கப் பம்பத் தூக்கிட்டுப் போயிருவான்," என்றார் பெர்ட்.

"நீ பீர்ல தண்ணி கலக்கத்தானேய்யா அத உள்ள பூட்டி வச்சிருந்த," என்றான் ஆடு வளர்க்கும் கிளாரி.

சிரித்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பெர்ட் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் சொல்றபடியே இருக்கட்டும்ப்பா," என்று முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

கொட்டகையைக் கட்டி, கதவுக்கு ஒரு வளைந்த கம்பியை மட்டும் மாட்டினோம். கிளாரி சொன்னபடியே பம்பை எடுத்துப் போனான். நான் போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குப் போகிறேன். கம்பியை நீக்கிக் கதவைத் தள்ளுகிறேன். அது திறக்கிறது. மறுபடி மூடிவிட்டு, இப்போது தங்கியிருக்கும் அறைக்குத் திரும்புகிறேன்.