மாறி ஏறும் இடம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் தனுஷ்கோடியின் டிராவல்ஸ் கடைக்குள் நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது சாமி படம் அல்ல, விமானத்திலிருந்து கழற்றிய மூன்று சீட்டுகள். பழைய விமானத்தைப் பிரித்துப் போட்டவனிடம் சென்னையில் வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, தரையில் போல்ட் அடித்து நிறுத்தியிருந்தான். அதோடு விட்டிருந்தால் வெறும் அலங்காரம்தான். சீட்டுக்கு முன்னால் சக்கரம் வைத்த ஒரு பிளைவுட் பலகையையும் நிறுத்தியிருந்தான். தரையில் வரிசையாகப் பெயிண்ட் கோடுகள், ஒரு கம்பெனிக்கு ஒரு கோடு. எந்தக் கம்பெனி டிக்கெட் கேட்கிறார்களோ அந்தக் கோட்டுக்குப் பலகையைத் தள்ளிவைப்பான்.

"முன் சீட்டு இம்புட்டுக் கிட்டதான் இருக்கும். உக்காந்து பாத்துக்கோங்க. பொறவு வந்து என்னைய ஏசக் கூடாது."

உட்கார்ந்து பார்ப்பார்கள். முழங்கால் பலகையில் இடித்ததும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, மலிவு டிக்கெட்டையே வாங்கிக்கொண்டு போவார்கள். துபாய்க்குக் கம்பி கட்டப் போகிறவனுக்கு முழங்கால் எல்லாம் ஒரு கவலையா?

வேலுத்தாய் சிரிக்கவில்லை. செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காலையில வாரேன் தம்பி. கடை தொறந்ததுல இருந்து இதுலயே உக்காந்து பாக்கணும்."

"எதுக்குக்கா?"

"மருமகன் சொன்ன வண்டி, சென்னையில ஏறுனா நேரா மெல்போர்ன்ல எறக்கி விட்டுருதாம்லா. பன்னெண்டு மணி நேரம்னு நீங்கதான சொன்னீக. என்னால ஆகுமா ஆகாதான்னு இங்கயே பாத்துட்டா, வானத்துல போயித் தவிக்க வேண்டாம்."

பக்கத்தில் நின்ற அவள் புருசன் கருத்தப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். "சேலையக் கட்டிப் பாத்து எடுக்க எந்தக் கடைக்காரனும் விட மாட்டான். இவளுக்கு ஏரோப்பிளேனையே கட்டிப் பாக்கணுமாம்."

வாய்தான் கேலி பேசியது. விஷயம் அவருக்கும் தெரியும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக் கூடத்தில் முப்பது வருசமாக நின்றுகொண்டே பிழைத்தவள் அவள். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிய வேண்டும், ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். தறி ஓடுகிறவரை உட்காரும் பேச்சே இல்லை. அந்த முப்பது வருசமும் இடது காலில் முழங்காலுக்குக் கீழே புழு நெளிகிற மாதிரி நரம்பாகச் சுருட்டிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர், "நிக்கிறதும் ஆகாது, காலைத் தொங்கப் போட்டு உக்கார்றதும் ஆகாது. அப்பப்ப நடந்துக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். அவள் நெய்த துணி ஊர் ஊராகப் போய் யார் யார் புண்ணையோ மூட, அவள் காலுக்கு எலாஸ்டிக் கட்டை மெடிக்கல் கடையில் வாங்கிச் சுற்றிக்கொண்டாள்.

மகள் மாரிச்செல்விக்கு இது தெரியாது. கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்து, கட்டிக்கொடுத்த இடத்தோடு மெல்போர்னுக்குப் போனவள். இப்போது வயிற்றில் ஆறு மாதம். படுக்கையை விட்டு அதிகம் எழுந்திரிக்கக் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் சிவபாண்டிக்குக் குளிர்பதனக் கிடங்கில் ஷிப்ட் வேலை. அவனைப் பெற்றவள் உயிரோடு இல்லை. சமைத்துப் போட, குளிப்பாட்டி விட, கைப்பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போக வேலுத்தாயை விட்டால் ஆளில்லை. போவதா வேண்டாமா என்பதே அவளுக்குக் கேள்வி இல்லை. போய் இறங்கும்போது இந்தக் கால் தரையில் ஊன்றுமா என்பதுதான் கேள்வி.

"வீங்குன காலோட போயி நின்னா, நான் அவளுக்குச் செய்யவா, அவ எனக்குச் செய்யவா?" என்று முந்தின வாரம் புருசனிடம் கேட்டபோது, எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிற மனுசன் எழுந்து போய் அவள் காலுக்கு வைக்கத் தலையணை எடுத்து வந்தார்.

மறுநாள் தனுஷ்கோடி ஷட்டரைத் தூக்கும்போது இரண்டு பேரும் தூக்குச் சட்டியோடு வாசலில் நின்றார்கள். அவன் பலகையை, மருமகன் சொன்ன புதுக் கம்பெனிக் கோட்டுக்குத் தள்ளினான். இருக்கிற கோடுகளிலேயே சீட்டுக்கு ஆகக் கிட்டத்தில் இருந்தது அதுதான். வேலுத்தாய் நடுச் சீட்டில் உட்கார்ந்தாள். கருத்தப்பாண்டி ஓரச் சீட்டில் உட்கார்ந்து இடுப்புப் பட்டையை மாட்டிப் பார்த்தார்.

"ஏன்பா, ஆட்டை ஏத்துற வண்டியில கூட இதவிடத் தாராளமா நிக்குமே."

"ரெண்டு வரிசை கூடப் போட்டிருக்கான் அண்ணாச்சி. அந்த ரெண்டு வரிசையிலதான் டிக்கெட்டு வெல எறங்குது. சோத்துக்குத் தனிக் காசு, போர்வைக்குத் தனிக் காசு. பெரிய கம்பெனிக்காரன் விட்ட ஆளையெல்லாம் இவன் அள்ளிட்டுப் போறான்."

வேலுத்தாய்க்கு அந்த இரண்டு வரிசை புரிந்தது. அவள் தறிக்கூடத்தில் முதலாளி ஒரு தடவை நடைச்சந்தைக் குறுக்கி இரண்டு தறி கூடப் போட்டார். அன்றிலிருந்து திரும்புகிற நேரமெல்லாம் இடுப்பு தறியில் இடிக்கும். எல்லாப் பெண்கள் இடுப்பிலும் ஒரே இடத்தில் கன்றிப்போயிருக்கும். முதலாளியைச் சும்மா திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தக் கூடுதல் தறியில்தான் புருசனைப் பறிகொடுத்த சுடலைமாடத்திக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு திட்டும்போது எல்லோருக்கும் குரல் கொஞ்சம் இறங்கியது. இந்தச் சீட்டும் அப்படித்தான். இந்த இடுக்கு இல்லையென்றால் இந்த விலையில் டிக்கெட் போட மகள் கையில் காசு இருக்காது. நெருக்கிப் போட்டால்தான் நம்மளும் ஏறலாம். ஏறின பிறகு காலை எங்கே வைப்பது என்பது நம்ம பாடு.

மதியச் சாப்பாட்டை மடியில் வைத்தே சாப்பிட்டாள். வந்து போன ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கிழவர் "இந்தம்மா எங்க போகுது?" என்று கேட்க, "இப்ப வங்காள விரிகுடா மேல போய்க்கிட்டு இருக்கா" என்றார் கருத்தப்பாண்டி.

கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு நின்றது. வேலுத்தாய் உதட்டைக் கடித்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தாள். மாற்ற இடம் இல்லை. பலகை இடித்தது.

"எந்திரிச்சு நடக்கலாம்க்கா. விமானத்துலயும் நடக்க விடுவாவ" என்றான் தனுஷ்கோடி.

"ஓரத்துல இருக்கவன் தூங்குனா நான் எங்கிட்டுத் தாண்ட? ஒரு தடவை எழுப்பலாம். மணிக்கொரு தடவை எழுப்புனா அவன் என்னைய ஜன்னல் வழியாத் தள்ளிவிட்ருவான்."

சேலைக் கொசுவத்தை லேசாகத் தூக்கினாள். கட்டுக்குக் கீழே கணுக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தனுஷ்கோடி அதைப் பார்த்தான். பலகையைப் பின்னால் இழுத்துவிட்டான்.

"எந்திரிங்கக்கா. இந்த வண்டி உங்களுக்கு ஆகாது."

அவள் எழுந்திரிக்கவில்லை. "அப்ப நான் போகவே முடியாதா?"

முப்பது வருசத்தில் அவள் குரல் அப்படி இறங்கிக் கருத்தப்பாண்டி கேட்டதில்லை. அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனுஷ்கோடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். "மதுரையில ஏறி சிங்கப்பூர்ல மாறுனா போகலாம். சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், அங்கன இருந்து ஏழே முக்கா. நடுவுல நெறைய நேரம் இருக்கு, காலாற நடக்கலாம். ஆனா நீங்க வழி தப்பிருவீகன்னு மருமகன் மாறுறதே வேண்டாம்னுட்டாரே."

"விமானக்காரன் எதுக்குச் சிங்கப்பூர்ல எறக்கி ஏத்துதான்? நேராப் போனா என்ன?" என்றார் கருத்தப்பாண்டி.

"மகாராஜபுரம் மாதிரிச் சின்ன ஊர்ல இருந்து மெட்ராசுக்கு நேரா பஸ் விட்டா எத்தனை பேரு ஏறுவான்? டிரைவர், கண்டக்டர், பொறவு நீங்க. அதனாலதான எல்லாரும் இங்க வந்து மாறுதாவ. சிங்கப்பூர்க்காரன் மதுரையில கொஞ்சம், கொழும்புல கொஞ்சம், டாக்காவுல கொஞ்சம்னு அள்ளிக் கொண்டாந்து ஒரே எடத்துல கொட்டுதான். அங்கன வச்சுப் பெரிய வண்டில ஏத்துதான். நேரா விடுறவனுக்கு அந்தச் செலவு இல்ல, ஆனா அந்த ஆளும் இல்ல; வெலயக் கொறச்சாத்தான் வண்டி நெறையும். அதான் நெருக்குதான்."

"இவ மாறி ஏறுனதுக்கு ஒரு கதை இருக்கு. காலேஜ்ல மகளைப் பாக்க கிருஷ்ணன்கோவில்ல எறங்க வேண்டியவ, அதத் தாண்டி வத்திராயிருப்புல போயி நின்னா" என்றார் கருத்தப்பாண்டி.

"தூங்கிட்டேன். நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்தவ" என்றாள் வேலுத்தாய் வெடுக்கென்று.

"அதுக்கு வழி இருக்குக்கா" என்றான் தனுஷ்கோடி. "வீல்சேர் போட்டுருவோம். விமான வாசல்ல ஆளு வண்டியோட நிப்பாவ. உக்காந்தீகன்னா அடுத்த விமான வாசல்ல கொண்டுபோய் விட்ருவாவ. நம்ம பக்கத்துல வயசானவங்க பாதிப் பேரு அப்படித்தான் போறாவ. கால் நல்லாத்தான் இருக்கும், பாஷைதான் நொண்டி."

அன்றைக்கே சிவபாண்டிக்குப் போன் போட்டு டிக்கெட்டை முடித்தான். ஏன் மாத்துனீக என்று மாரிச்செல்வி கேட்டபோது, "மதுரைன்னா அப்பா வந்து ஏத்திவிடுவாக. சென்னை தூரம்லா" என்றாள் வேலுத்தாய். அதுவும் பொய்யில்லை.

முதல் விமானத்தில் பாதி நேரம் பின்பக்கம் கக்கூஸ் வாசலில் நின்றே போனாள். தறிக்காரிக்கு நிற்கச் சொல்லியா தர வேண்டும்? கால் கனத்தது, ஆனால் ஊன்றியது. சிங்கப்பூரில் விமான வாசலில், தனுஷ்கோடி சொன்னபடியே, நீலச் சட்டை போட்ட அவள் வயசுக்காரி ஒருத்தி நாற்காலியோடு நின்றாள். சீனக்காரியோ மலாய்க்காரியோ. டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். வேலுத்தாய் உட்கார்ந்தாள்.

வழவழவென்ற தரையில் நாற்காலி ஓடியது. ஓடி, கண்ணாடிச் சுவர் ஓரமாக ஒரு இடத்தில் நின்றது. அங்கே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். எல்லாவற்றிலும் நம்ம ஊர்ப் பக்கத்துக் கிழவன் கிழவிகள். சேலை, வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய். ஒருத்தருக்கும் போக்கிடம் இல்லை. அடுத்த விமானத்துக்குக் கூப்பிடும்வரை காலைத் தொங்கப் போட்டு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வேலுத்தாய் அந்த வரிசையைப் பார்த்தாள். நடக்கத்தானே இங்கே வந்து மாறுகிறோம்! எழுந்து நின்றாள். நீலச்சட்டைக்காரி கையை ஆட்டி உட்காரச் சொன்னாள். வேலுத்தாய் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "நான் நடக்கணும் தாயி. உக்காந்தா போச்சு. மகளுக்குச் செய்யப் போறேன்." அவளுக்கு என்ன புரியும்? வேலுத்தாய் குனிந்து கட்டை அவிழ்த்து, சுருட்டிக் கிடந்த நரம்பைக் காட்டினாள். பிறகு தரையைக் காட்டி, இரண்டு விரலால் காற்றில் நடந்து காட்டினாள்.

நீலச்சட்டைக்காரி குனிந்து அந்தக் காலை நன்றாகப் பார்த்தாள். நாள் பூராவும் நாற்காலி தள்ளுகிறவளுக்குக் காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலுத்தாயின் பையை வாங்கி நாற்காலியில் வைத்தாள். பைக்கு இடுப்புப் பட்டையையும் மாட்டினாள். அதைப் பார்த்து வேலுத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு பேரும் நடந்தார்கள். நாற்காலியில், பைக்குள் இருந்த கருவாடும் பருப்புப் பொடியும் அதிகாரமாக உட்கார்ந்து வந்தன. கடைகளைத் தாண்டி, செடி கொடி வளர்த்திருந்த இடத்தைத் தாண்டி, போய்த் திரும்பினார்கள். கால் இளகிக்கொண்டே வந்தது.

ஒரு திருப்பத்தில் நீலச்சட்டைக்காரி சட்டென்று நின்றாள். தூரத்தில் கோட்டுப் போட்ட ஒருத்தன் கையில் வாக்கிடாக்கியோடு நின்றான். அவள் முகம் மாறியது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியைத் தட்டினாள்.

வேலுத்தாய்க்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதலாளி கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்தித் தறியில் கண்ணை வைக்கிற வழக்கம் இங்கேயும் இருக்கிறது போல. மடமடவென்று உட்கார்ந்து, காலை ஒடுக்கி, நோயாளி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டாள். கோட்டுக்காரன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் பரிதாபமாக ஒரு கும்பிடு போட்டாள்.

திருப்பம் தாண்டியதும் நாற்காலி தானாக நின்றது. வேலுத்தாய் இறங்கினாள். பை ஏறியது.

"ம்... இன்னொரு ரவுண்டு போவமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முன்னால் நடந்தாள்.