ஜெகதாம்பாளின் பிடி அரிசி

அந்த விதியை எழுதியவள் நான்தான். எங்கள் பங்குக் கோயில் சுவரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "பிடி அரிசி கொடுக்கும் வீடு வாங்கக் கூடாது. வாங்கும் வீடு கொடுக்க வேண்டாம். இப்படிக்கு, ஏஞ்சல் மேரி, இளையோர் குழு." ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது ரொம்பப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே நறுக்கென்று ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஊர் புதுக்கொல்லை. வரதராஜன்பேட்டையிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். சுற்றிலும் முந்திரிக்காடு. பாதிப் பெண்களுக்கு முந்திரி உடைக்கிற வேலை. வறுத்த கொட்டையைத் தட்டும்போது தோலிலிருந்து ஓர் எண்ணெய் கசியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் அது விரலை அரித்துவிடும். சில வருடங்களில் கைரேகை போய்விடும். ரேகை போனால் ரேஷன் கடை மிஷினுக்கு ஆளைத் தெரியாது. மிஷினுக்குத் தெரியாவிட்டால் அரிசி கிடையாது. ஊர் உலகத்துப் பாயசத்துக்கெல்லாம் முந்திரி உடைத்துக் கொடுப்பவளுக்குக் கஞ்சிக்கு அரிசி இல்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால்தான் நானும் லியோ பிரபுவும் இன்னும் ஆறேழு பேரும் சேர்ந்து பிடி அரிசியை ஆரம்பித்தோம். சோற்றுக்கு அரிசி களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். எத்தனை முறை உலை வைக்கிறோமோ அத்தனை பிடி. சனிக்கிழமை நாங்கள் வீடு வீடாக வாங்கிக்கொள்வோம். ஞாயிறு பூசை முடிந்ததும் ரேஷன் நின்றுபோன குடும்பங்களுக்குக் கொடுப்போம். முதல் மாதமே மாடி வீட்டுக்காரர் ஒருவர் நாலு பிடியைக் கொடுத்துவிட்டு இரண்டு படி கேட்டு வரிசையில் வந்து நின்றார். கோயில் வாசல் என்றும் பார்க்காமல் சண்டை போட்டேன். அன்று பிறந்ததுதான் அந்த விதி.

ஜெகதாம்பாள் அக்கா கோயிலுக்குப் பின் தெரு. மாரியம்மனைக் கும்பிடுகிறவர். ஆனாலும் முதல் வாரத்திலிருந்தே பிடி அரிசி கொடுத்தார். நாங்கள் வீட்டுக்குப் போவதற்குள் மஞ்சள் பையில் அவரே கொண்டுவந்துவிடுவார். ஒரே மகள் மேகலா பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அக்கா மட்டும்தான் வீட்டில். கொடுக்கிற வீடு என்பதால் வாங்குகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் பதினாலு பிடி இருந்தது. பிறகு பத்தானது. ஏழானது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பையைத் திறந்தால் நாலே பிடி. அதிலும் பாதி நொய்.

"என்னக்கா, வாரா வாரம் கொறைஞ்சுகிட்டே போவுது?" என்றேன். "மனசு விட்டுப் போச்சா? குடுக்க முடியலன்னா சொல்லிடுங்க. அரைகுறையா எதுக்கு?"

பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்த லியோ என் காலை மிதித்தான். நான் நிறுத்தவில்லை. அக்கா கோபப்படவில்லை. "இந்த வாரம் அவ்வளவுதான் சேந்துச்சு ஏஞ்சலு," என்று பையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை நானும் லியோவும் ரேஷன் கடைக்குப் போனோம். யார் யாருக்கு ரேகை விழவில்லை என்று குறித்துக்கொண்டு வந்து மனு எழுதுவதற்காக. வரிசையில் ஜெகதாம்பாள் அக்கா நின்றார். அவர் முறை வந்ததும் கட்டைவிரலை வைத்தார். மிஷின் சிவப்பு காட்டியது. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு ஆட்காட்டி விரலை வைத்தார். சிவப்பு. பத்து விரலும் சிவப்பு.

"அக்காவுக்கு நாலு மாசமா இப்பிடித்தாங்க," என்றார் கடைக்காரர் ஜெயப்பிரகாஷ். "பொண்ணு வந்து வச்சா விழும். அது ஊருக்கு வர்ற அன்னிக்கு நமக்கு லீவாயிடுது."

நாலு மாதம். அக்காவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனேன்.

"நாலு மாசமா அரிசி இல்லையா? அப்புறம் என்னத்தக்கா பொங்கினீங்க?"

"முந்திரி ஒடைக்கிற கூலி மேகலா ஹாஸ்டலுக்கே சரியாப் போயிடுது. மிச்சத்துல நொய்யி வாங்குவேன். பக்கத்து வூட்டுல அரைப்படி குடுப்பாங்க. பொங்குற அன்னிக்குப் பொங்குறதுதான்."

"போன வாரம் எத்தனை தடவை பொங்கினீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "நாலு பிடி கொண்டாந்தேனே ஏஞ்சலு. உலை வைக்கிறப்பல்லாம் ஒரு பிடின்னு நீதானே சொன்ன. வைக்காத அன்னிக்கு எங்க எடுக்கறது?"

ஒரு வாரத்தில் நாலே முறை அடுப்பு மூட்டிய வீடு. அந்த நாலு முறையும் முதல் பிடி எங்களுக்கு. அதை நான் கையில் வாங்கிக்கொண்டு அரைகுறை என்று சொன்னேன்.

"எங்ககிட்ட வாங்கியிருக்கலாமே அக்கா."

"சுவத்துல ஒட்டியிருக்கியே. வாங்கணும்னா குடுக்கறத நிறுத்தணும்." சாதாரணமாகத்தான் சொன்னார், கடைக்கு உப்பு வாங்கப் போனதைச் சொல்வதுபோல. "அது எனக்கு வரல. எம் பொண்ணு சாப்புட்டுச்சா இல்லையான்னு தெரியாம நான் இங்க இருக்கேன். யாரோ ஒருத்தி அங்க அவளுக்குச் சோறு போடுறா. நான் இங்க யாருக்காவது போட வேணாமா?"

ஞானஸ்நானத்திலிருந்து இன்றுவரை எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒன்றுகூட என்னை இப்படி நிற்கவைத்ததில்லை.

லியோ அதற்குள் கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். கைரேகைக்குப் பதிலாகக் கண்ணைப் பதிவுசெய்கிற மிஷின் வந்து இரண்டு மாதமாகிறது என்றும், யாராவது வந்து சொல்லித் தருவார்கள் என்று அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பதாகவும் ஜெயப்பிரகாஷ் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குக் கடையைப் பிரித்திருப்பேன்.

"நீ வாயத் தொறக்காத," என்றான் லியோ. அவன் ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறவன். "குடுங்கண்ணே, நான் பாக்கறேன்."

அரை மணி நேரம் வயரைச் சொருகினான், கழற்றினான். பிறகு அக்காவின் முகத்துக்கு நேரே அதைப் பிடித்தான். அக்காவுக்குக் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. நான்தான் இமையை விரலால் தூக்கிப் பிடித்தேன். திரையில் அவர் கண் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. பழுப்பு நிறத்தில் கோடு கோடாக, ஓராயிரம் கோடு. முந்திரி எண்ணெயால் இதைத் தொட முடியாது. பச்சை விழுந்தது. ஜெகதாம்பாள் என்று பெயர் வந்தது.

வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் கண்ணகி அக்கா தன் மழுமழு விரல்களைப் பார்த்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் அரிசி வாங்கினார்கள். நான் நேராகக் கோயிலுக்குப் போய் என் விதியைச் சுவரிலிருந்து பிய்த்தெறிந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் அக்கா எங்களுக்கு முன்னால் வந்துவிட்டார். மஞ்சள் பை கனத்துத் தொங்கியது. நான் பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"நீங்களே அள்ளிப் போடுங்கக்கா," என்றேன்.

"எதுக்குடி?"

"எனக்குப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டே கையை விட்டு அள்ளினார். லியோ சாக்கை விரித்துப் பிடித்தான். ரேகையில்லாத அந்தக் கை பைக்குள் போய் நிறைந்து வருவதை ஒவ்வொரு தடவையும் மனதுக்குள் எண்ணினேன். ஏழு. எட்டு. பத்தைத் தாண்டியபோது எனக்குக் கண்ணீர் மறைத்தது. பதினாலாவது பிடியைப் போட்டுவிட்டு அக்கா காலிப் பையை உதறினார்.